வலிக்காத புண்தான் ஆபத்தான புண்: இனிப்பு நீர் நோயாளியின் கால் பராமரிப்பு

நாட்டின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை வார்டு, எலும்பியல் வார்டு இரண்டிலும் காலில் கட்டுடன் படுத்திருக்கும் இனிப்பு நீர் நோயாளிகளைப் பார்க்கலாம். பலருக்கு அந்தப் புண் சிறியதாகத்தான் தொடங்கியிருக்கும். புதுச் சிலிப்பரின் வார் உரசிய இடம், செம்பனை மட்டையின் முள், நகம் வெட்டும்போது பட்ட கீறல், குதிகால் வெடிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "வலிக்கவே இல்லை, அதனால்தான் கவனிக்கவில்லை" என்பதே அவர்களில் பலர் தாதியரிடம் சொல்லும் பதில்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம்; ஏறக்குறைய 10 பேரில் 3 பேர். ஆகவே, கால் புண்ணைப் பற்றி வார்டு தாதியர் அறிந்து வைத்திருப்பதில் ஒரு பகுதியையாவது ஒவ்வொரு இந்தியக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய நிலை உள்ளது.

ஏன் வலிப்பதில்லை?

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. உடலின் மிக நீளமான நரம்புகள் பாதம் வரை செல்பவை என்பதால் பாதிப்பு முதலில் கால் விரல்களில் தெரிகிறது. இது மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, உணர்வு குறைகிறது. தொடக்கத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப் போதல் ஆகியவை இருக்கும். பிறகு அவையும் நின்றுவிடும். எரிச்சல் போய்விட்டது, கால் குணமாகிவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். உண்மையில் உணர்வே போய்விட்டது என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

இரண்டாவது, பாதத்தின் சிறு தசைகள் பலவீனமடைகின்றன. விரல்கள் நகம் போல வளைந்து, உடலின் எடை சில இடங்களில் மட்டும் அழுத்துகிறது. அந்த இடங்களில் தோல் தடித்து ஆணி போல ஆகும். வெளியே தடிப்பாகத் தெரியும் அந்தத் தோலின் அடியில் புண் உருவாகிக் கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, வியர்வை சுரப்பது குறைந்து தோல் வறண்டு போகிறது. வறண்ட குதிகால் வெடிக்கிறது. வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது.

நரம்புப் பாதிப்புடன் இரத்தக் குழாய் அடைப்பும் சேரும்போது நிலைமை மோசமாகிறது. புண் ஆற ஆக்சிஜனும் சத்தும் வேண்டும்; இரண்டையும் கொண்டு வருவது இரத்தம்தான். நோய்த்தொற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்தும் இரத்தம் வழியாகவே புண்ணைச் சேர வேண்டும். புகைப்பிடிப்பவர்களுக்கு இந்த அடைப்பு விரைவாகவும் கடுமையாகவும் வருகிறது.

தாதி காலில் எதைப் பார்க்கிறார்?

"அங்கிள், சிலிப்பரைக் கழற்றுங்க, காலைக் காட்டுங்க" என்று கிளினிக் தாதி கேட்கும்போது, "காலில் ஒன்றும் இல்லம்மா, மருந்து மட்டும் போதும்" என்று எழுந்துவிடுபவர்கள் உண்டு. அந்தச் சில நிமிடப் பரிசோதனையில் பல விஷயங்கள் அடங்கியுள்ளன.

முதலில் கண்ணால் பார்க்கிறார். தோலின் நிறம், வீக்கம், வெடிப்பு, தடிப்பு, நகத்தின் வடிவம், விரல் இடுக்குகளில் ஈரம் அல்லது பூஞ்சை ஆகியவற்றைக் கவனிக்கிறார். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம்.

அடுத்து புறங்கையால் தொட்டு வெப்பத்தைப் பார்க்கிறார். ஒரு கால் குளிர்ந்திருந்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால் நோய்த்தொற்றாக இருக்கலாம். புண் இல்லாமலேயே கால் சூடாக வீங்கியிருந்தால், உணர்வற்ற பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கும் 'சார்க்கோ' பாதமாகவும் இருக்கலாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நடந்தால் பாதத்தின் வடிவமே மாறிவிடும்.

பிறகு இரண்டு இடங்களில் நாடித்துடிப்பைத் தேடுகிறார். ஒன்று பாதத்தின் மேற்புறம், மற்றொன்று உட்புறக் கணுக்காலுக்குப் பின்னால். துடிப்பு கிடைக்காவிட்டால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்கும்போது 0.9-க்குக் கீழே வந்தால் காலின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நீண்டகால இனிப்பு நீர் நோயாளிகளுக்குக் குழாய்கள் கெட்டியாகி, இந்த அளவு பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

கடைசியாக, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொடுகிறார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அந்தத் தொடுதலை உணராத பாதம், முள் குத்தினாலும் உணராமல் போகக்கூடிய பாதம்.

இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே உணர்வு குறைந்தவர்களும் புண் வந்து ஆறியவர்களும் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். தாதி கேட்காவிட்டாலும், "என் காலைப் பாருங்கள்" என்று நோயாளியே கேட்கலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் 1 ரிங்கிட்தான்.

புண்ணின் படிகள்

புண் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவமனைகளில் 'வாக்னர்' என்ற அளவுகோலால் 0 முதல் 5 வரை குறிப்பார்கள். நோயாளியின் கோப்பில் இந்த எண் எழுதப்பட்டிருந்தால் அதன் பொருள் இதுதான்:

0 – தோல் கிழியவில்லை. ஆனால் புண் வரக்கூடிய பாதம்.
1 – மேல்தோலில் மட்டும் புண்.
2 – தசைநார், மூட்டு அல்லது எலும்பு வரை ஆழமான புண்.
3 – ஆழமான புண்ணுடன் சீழ்க்கட்டி அல்லது எலும்பில் நோய்த்தொற்று.
4 – விரலோ பாதத்தின் முன்பகுதியோ அழுகிக் கறுத்துவிட்ட நிலை.
5 – பாதம் முழுவதும் அழுகிவிட்ட நிலை.

1-ஆம் படியில் வருபவருக்குச் சுத்தமான கட்டும், அந்தக் காலுக்கு ஓய்வும், சர்க்கரைக் கட்டுப்பாடும் பெரும்பாலும் போதும். 4-ஆம் படியில் வருபவருக்கு எந்த இடத்தில் வெட்டுவது என்பதே பேச்சாக இருக்கும். நோய்த்தொற்று கடுமையாக இருந்தால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகச் சில நாட்களே ஆகலாம்.

கட்டுப் போடுவதில் நடக்கும் தவறுகள்

புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. மிதமான ஈரப்பதத்தில் மூடி வைக்கப்பட்ட புண், காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணைவிட வேகமாக ஆறுகிறது என்பதை 1962-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் காட்டினார். இன்றைய கட்டு முறைகளுக்கு அதுவே அடிப்படை. அதே நேரம், நீர் அதிகமாக ஊறும் புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப் போகவும் விடக்கூடாது. எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதைத் தாதியோ மருத்துவரோ முடிவு செய்வது இதனால்தான். இரத்த ஓட்டம் இல்லாமல் காய்ந்து கறுத்துவிட்ட விரலுக்கு இந்த ஈர முறை பொருந்தாது. அதை மருத்துவர் பார்க்கும் வரை உலர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் கட்டு மாற்றச் சொல்லியிருந்தால், முதலில் சோப்பு போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பழைய கட்டு ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல், 'நார்மல் சலைன்' உப்பு நீரால் நனைத்து எடுக்க வேண்டும். புண்ணையும் அதே நீரால் கழுவ வேண்டும். புதுக் கட்டு விரல்களை நெரிக்காமல் இருக்க வேண்டும். கழற்றிய கட்டை உடனே தூக்கி எறியாமல் அதில் இருப்பது இரத்தமா, சீழா, வாடை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காப்பித் தூள், மஞ்சள், பற்பசை, சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு போன்றவற்றைத் திறந்த புண்ணில் வைக்கக்கூடாது. அவை கிருமியைக் கொண்டு வரலாம்; புண்ணின் உண்மையான நிறத்தையும் மறைத்துவிடும். ஆணிக் கால் பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் உள்ளது. இனிப்பு நீர் நோயாளி அதைப் பயன்படுத்தக்கூடாது. வெந்நீரில் காலை ஊற வைப்பதும் ஆபத்து. உணர்வில்லாத கால் வெந்துபோனாலும் நோயாளிக்குத் தெரியாது.

கட்டை விடவும் முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதத்தின் அடியில் உள்ள புண்ணின் மீது நடந்துகொண்டே இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கட்டு போட்டாலும் அது ஆறாது. வலி உள்ளவர் தானாகவே நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றுகிறார். வலி இல்லாதவர் கழிவறைக்கும் சமையலறைக்கும் போய் வந்து ஒவ்வோர் அடியிலும் புண்ணை நசுக்குகிறார். ஊன்றுகோல், சிறப்புக் காலணி, மாவுக்கட்டு போன்றவை தரப்படுவது அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். அவற்றை வீட்டுக்குள்ளும் பயன்படுத்த வேண்டும்.

உணவும் இன்சுலினும்

புண் இருக்கும்போது முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று சொல்லி, நோயாளிக்கு வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுக்கும் வீடுகள் உண்டு. புண் ஆறப் புரதம் தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு ஆகியவற்றில் அது கிடைக்கிறது. கஞ்சியும் ரொட்டியும் சர்க்கரையை ஏற்றுகின்றன. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் என்று உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் போடத் தொடங்கினால் கால் போய்விடும் என்ற பேச்சும் நம்மிடையே இருக்கிறது. கால் போனவர்களில் பலர் இன்சுலின் போட்டவர்கள் என்பதால் வந்த பேச்சு அது. நோய் முற்றிய பிறகே அவர்கள் இன்சுலினுக்குச் சம்மதித்தார்கள் என்பதுதான் பல நேரங்களில் உண்மை. புண்ணும் நோய்த்தொற்றும் இருக்கும்போது சர்க்கரை கூடுகிறது. கூடிய சர்க்கரை புண்ணை ஆறவிடுவதில்லை. இந்தச் சுழற்சியை உடைக்கத்தான் வார்டில் இன்சுலின் தொடங்குகிறார்கள்.

இன்சுலின் போடுபவர் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். குளுக்கோமீட்டரில் 4.0-க்குக் கீழே இருந்தால், நினைவுடன் இருப்பவருக்கு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவுவது, அல்லது காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு தெரிவது.
- சீழ், துர்நாற்றம், புதிய வீக்கம்.
- விரலோ தோலோ நீலமாக அல்லது கறுப்பாக மாறுவது.
- புண்ணின் அடியில் எலும்பு தெரிவது.
- உணர்வற்றிருந்த காலில் திடீரென வலி வருவது.
- உணவிலும் மருந்திலும் மாற்றம் இல்லாமல் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போவது.

காய்ச்சல் இல்லை என்பதால் நோய்த்தொற்று இல்லை என்று நினைக்கக்கூடாது. முதியவர்களுக்கும் இனிப்பு நீர் நோயாளிகளுக்கும் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். நடுக்கத்துடன் குளிர், வேகமான மூச்சு, மிக வேகமான நாடித்துடிப்பு, குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. 999-ஐ அழைக்க வேண்டும்.

கையெழுத்துக்கான நேரம்

விரலையோ காலையோ அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பம் அதிர்ந்து போவது இயல்பு. "மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும்", "தீபாவளி முடியட்டும்" என்று நாட்கள் ஓடுகின்றன. இதற்கிடையே, விரலோடு முடிந்திருக்க வேண்டியது பாதத்துக்கும், பாதத்தோடு முடிந்திருக்க வேண்டியது முழங்கால் வரைக்கும் ஏறிவிடலாம். முழங்கால் மூட்டு காப்பாற்றப்பட்டால் செயற்கைக் காலுடன் நடப்பது மிகவும் எளிது. மூட்டுக்கு மேலே போய்விட்டால் நடக்கத் தேவைப்படும் சக்தி அதிகம். முதியவர்கள் பலர் சக்கர நாற்காலியிலேயே தங்கிவிடுகிறார்கள்.

மறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த இடம் வரை அகற்ற வேண்டும்? இரத்தக் குழாய் அடைப்பை நீக்கிக் காலைக் காப்பாற்ற வழி உண்டா? முழங்காலைக் காப்பாற்ற முடியுமா? இன்னும் எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்? தொலைவில் இருக்கும் பிள்ளைகளுடன் தொலைபேசியிலேயே மருத்துவரைப் பேச வைக்கலாம். தெளிவான நினைவுடன் இருக்கும் நோயாளியின் விருப்பமே முதன்மையானது என்பதையும் மறக்கக்கூடாது.

கால் அகற்றப்பட்ட பிறகு

அறுவை முடிந்த முதல் நாளில் வீக்கத்தைக் குறைக்கக் காலை உயர்த்தி வைப்பார்கள். அதன் பிறகு, முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டவருக்கு முழங்காலின் அடியில் தலையணை வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது. சுகமாக இருக்கட்டும் என்று பாசத்தில் வைக்கும் தலையணை, மூட்டை மடங்கிய நிலையிலேயே இறுக்கிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகிவிடும். மருத்துவர் அனுமதித்தால் நோயாளியை நாளில் சில முறை 20 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வைப்பது இடுப்பு மூட்டு இறுகாமல் காக்கும்.

வெட்டிய காலின் விரல் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அது பிரமை அல்ல. துண்டிக்கப்பட்ட நரம்புகளாலும் மூளையில் பதிந்துள்ள உணர்வாலும் வரும் உண்மையான வலி அது; அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. பேச்சு குறைவது, சாப்பிட மறுப்பது, யாரையும் பார்க்க விரும்பாதது ஆகியவையும் சிகிச்சை தேவைப்படும் அறிகுறிகளே.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கும் நிலையை மாற்ற வேண்டும். மீதமுள்ள காலின் குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். ஒரு கால் போனவருக்கு மற்றக் காலிலும் புண் வரும் ஆபத்து அதிகம். இப்போது முழு எடையையும் அதுதான் சுமக்கிறது. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற உதவிகளுக்குச் சமூக நல இலாகாவையும், சந்தா செலுத்தி வேலை செய்தவர்கள் சொக்சோவையும் அணுகலாம். மருத்துவமனையின் சமூக நலப் பிரிவு விண்ணப்பத்துக்கு வழிகாட்டும்.

வேலையிடத்திலும் கோயிலிலும்

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பூட்ஸ் அணிந்தாலும், உள்ளே முள், மணல், சிறு கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமான காலுறையுடன் நாள் முழுவதும் இருந்தால் விரல் இடுக்கில் தோல் பிரியும். மாற்றுக் காலுறை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

தைப்பூசத்தின்போது பத்துமலையின் 272 படிகளையும், அதற்கு முன்னால் நீண்ட தார்ச்சாலையையும் வெறுங்காலுடன் கடப்பவர்கள் பலர். தீமிதி நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்களும் உண்டு. பாத உணர்வு குறைந்தவருக்குச் சூடான தாரும் தணலும் ஒன்றுதான். இரண்டும் சுடுவது தெரியாது. விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் மருந்து அளவைக் கேட்பதும், காலைப் பரிசோதித்துக்கொள்வதும் அவசியம். உணர்வில்லை என்று சோதனையில் தெரிந்தவர்கள் தீ மிதிக்கக்கூடாது. நேர்த்தியை வேறு வழியில் செலுத்தலாம். கோயிலுக்குள் சுத்தமான தடித்த காலுறை அணிய அனுமதி உண்டா என்று நிர்வாகத்திடம் கேட்பதிலும் தவறில்லை.

தினமும் ஐந்து நிமிடம்

- இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், குதிகாலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவருக்குப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்ல வேண்டும்.
- வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள்.
- விரல் இடுக்குகளை ஒற்றித் துடையுங்கள். வறண்ட தோலுக்குக் களிம்பு தடவலாம்; விரல் இடுக்கில் தடவக்கூடாது.
- நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்ட வேண்டாம்.
- வீட்டுக்குள்ளும் காலணி அணியுங்கள். புதுக் காலணியை மாலையில் வாங்குங்கள்; பகல் முழுவதும் நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும் என்பதால் சரியான அளவு தெரியும்.
- புகைப்பதை நிறுத்துங்கள்.
- சிறு கீறலாக இருந்தாலும் அன்றே கழுவி மூடி, மறுநாள் மீண்டும் பாருங்கள். ஓரிரு நாளில் ஆறும் வழி தெரியாவிட்டால் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

வலி என்பது உடல் நமக்கு அனுப்பும் எச்சரிக்கை. இனிப்பு நீர் அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்ட பிறகு, அதன் வேலையைக் கண்கள்தான் செய்ய வேண்டும். நோயாளியின் கண்ணால் முடியாவிட்டால் வீட்டில் உள்ள இன்னொருவரின் கண் அதைச் செய்யட்டும்.